கடனும் தானமும்

ஆண்டிபட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் எங்கள் பெரியப்பா கொஞ்ச நாளாகச் செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுகிறார். "அங்கிட்டு நில்லுய்யா" என்று அதட்டியே பழகிய வாய், "தயவுசெய்து அந்தப் பக்கம் நில்லுங்கள்" என்கிறது. எல்லாம் மில் வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பையன்களுக்காக. அவர்களுக்கும் இவருக்கும் நடுவே கல்லாவில் ஒரு செல்போன். அதில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி.

ஊர்ப்பேச்சு பேசினால் அது திணறுகிறது. பாவம், அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? இந்தக் கருவிகள் இரு மொழியிலும் ஏற்கெனவே எழுதிக் கிடப்பதை ஒப்பிட்டுப் பார்த்தே பழகியவை. 2006-ல் கூகுள் தன் மொழிபெயர்ப்புச் சேவையைத் தொடங்கியபோது ஐ.நா. சபை ஆவணங்களும் ஐரோப்பிய நாடாளுமன்ற ஆவணங்களும்தான் அரிச்சுவடி. 2011-ல் தமிழ் சேர்ந்தது. 2017-ல், வாக்கியத்தை மொத்தமாகப் பார்க்கும் நரம்பியல் முறைக்குத் தமிழும் மாறிய பிறகு தேர்ச்சி நன்றாகவே கூடியிருக்கிறது. ஆனாலும் ஐ.நா. சபையில் யாரும் கால் கிலோ கருப்பட்டி கேட்டு நின்றதில்லையே.

மத்திய அரசு 2022-ல் தொடங்கிய பாஷிணி என்ற மொழிபெயர்ப்புத் திட்டம், 'பாஷா தான்' என்று பொதுமக்களிடமே குரல் தானம் கேட்கிறது. பெரியப்பாவிடம் சொன்னேன். "குடுத்த கடனே வரல, இதுல தானம் வேறயாப்பா?" என்றார்.

கடன்தான் விஷயமே. எங்கள் பக்கம் கடனை நேராகக் கேட்க மாட்டார்கள். மழை உண்டா, அம்மா சௌக்கியமா என்று சுற்றி வந்து, "சம்பளம் போட்டாச்சா?" என்று நிறுத்தினால் எதிராளிக்கு உறைத்துவிடும். ஒரு பீகார்ப் பையனிடம் பெரியப்பா அப்படித்தான் ஆரம்பித்தார். செயலி ஒன்று விடாமல் இந்தியில் சொன்னது. பையன் உருகிப்போனான். வயலைப் பற்றிச் சொன்னான், அம்மாவின் மூட்டுவலியைச் சொன்னான், வீடியோ காலில் அம்மாவையே காட்டினான். "ஐயா, தங்கள் அன்புக்கு மிக்க நன்றி" என்றது செல்போன். மகன்கூட அப்படிப் பேசியதில்லை. பெரியப்பா கண் கலங்கிவிட்டார். மூட்டுவலிக்கு ஒரு தைலப் புட்டி நோட்டில் கூடுதலாக ஏறியதுதான் மிச்சம்.

மறுநாள் நேராகவே இறங்கினார். "போன மாதம் நீங்கள் வாங்கிய அரிசி, பருப்பு, எண்ணெய்..." என்றவர் மூச்சு வாங்க நிறுத்தினார். பேச்சு முடிந்ததென்று நினைத்துச் செயலி அதுவரை வந்ததை ஒப்பித்துவிட்டது. தமிழில் வினை கடைசியில் வரும்; பெரியப்பா பேச்சில் அந்தக் கடைசி வருவதற்குள் டீ ஆறிவிடும். பையன் பவ்யமாகத் தலையாட்டினான். "ஆம் ஐயா, இந்த மாதமும் அதே அளவு கொடுங்கள்."

இப்போது அந்தப் பையன் தமிழ் நன்றாகவே பேசுகிறான். "ரெண்டு முட்டை, ஒரு சோப்பு, நோட்டுல எழுதிக்கங்கய்யா" என்பதெல்லாம் தண்ணி பட்ட பாடு. பெரியப்பா நோட்டைப் புரட்டிப் பழைய பாக்கியைத் தொடும்போது மட்டும் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு செல்போனை நீட்டுகிறான்.