சிந்துகிறவர்

தேக்கா உணவங்காடி நிலையத்தில் விசிறிக்கு நேர் கீழே எத்தனை மேசை காலியாகக் கிடந்தாலும் அவர் ஓரத்து மேசைக்குத்தான் போவார். காற்றுக்காக இல்லை, சொந்தக்காரர்களுக்காக. ஒரு கோப்பி, ஒரு பிராட்டா, ஒரு பருப்பு வடை. பத்து நிமிஷத்தில் பிராட்டாவில் பாதி அவர் வயிற்றில் இருக்கும். மீதிப் பாதி மேசையில், நாற்காலியில், தரையில், சட்டை மடிப்பில். கேட்டால் வலது கையைத் தூக்கிக் காட்டுவார். அரசிலை மாதிரி ஆடும்.

“வயசாச்சு தம்பி. கை நிக்க மாட்டேங்குது.”

அதே கை அடுத்த கால்மணி நேரத்தில் ஃபோர்-டி சீட்டில் கட்டங்களைக் கோடு தாண்டாமல் நிரப்புவதை நான் பார்த்திருக்கிறேன்.

இவர் தேக்காவுக்கு மட்டும் உரியவர் அல்லர். தோ பாயோவில், ஈசூனில், கேலாங் சிராயில், சாப்பாட்டுக் கடை எங்கே உண்டோ அங்கே ஒரு சிந்துகிறவர் உண்டு. சீனத் தாத்தாவாக இருப்பார், மலாய்ப் பாட்டியாக இருப்பார். நம்மவர் மட்டும் சிந்துவதற்கு ஒரு சாஸ்திரமும் வைத்திருப்பார்.

2020 ஜூன் முதல் சிங்கப்பூரில் காட்டுயிர் எதற்கும் தீனி போடக் கூடாது. முதல் தடவை மாட்டினால் அபராதம் 5,000 வெள்ளி வரை போகும், மறுபடி மாட்டினால் 10,000 வரை. அவருக்கு இது மனப்பாடம். “ஒரு கவளத்துக்கு அஞ்சாயிரமா? அந்தக் காசுக்குக் குடும்பத்தோட ராமேசுவரம் போய்த் திதி கொடுத்துட்டு, வர்ற வழியில மதுரையில துணியும் எடுக்கலாம்” என்பார். பிறகு குரலைத் தாழ்த்துவார். “போட்டாத்தான் குத்தம். சிந்தினா வயசு.”

சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆர்ச்சர்ட் ரோட்டு மரங்களுக்கடியில் சாயங்காலம் நின்று மைனாக் கூச்சலைக் கேட்டவர்கள் என் பக்கம்தான் நிற்பார்கள். சட்டைக்கு ஏற்பட்ட சேதத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

சிந்தி முடித்ததும் அவர் வர்ணனையாளராகிவிடுவார். முதலில் இறங்குவது மைனா. கறுத்த உடம்பு, மஞ்சள் அலகு, வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் நடை. அடுத்த மேசையில் ஒருத்தி டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடித்துவிட்டு வரிசையில் நிற்கப் போனாள். மைனா அந்தப் பொட்டலத்தின் மேலேயே ஏறி நின்று அதற்கும் மேலாக இடம் பிடித்தது. புறாக்கள் கூட்டமாக வரும், தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றுக்கும் சம்மதிக்கும், ஒன்றும் கிடைக்காமல் போகும். சிட்டுக்குருவி எல்லார் கால்களுக்கும் நடுவில் புகுந்து தூளைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவிடும். காகம் கடைசியில்தான் வரும். கைப்பிடிக் கம்பியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து மற்றவர்கள் சண்டையைப் பார்க்கும். அன்றைக்கு இரண்டு மைனாக்கள் வடையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. காகம் இறங்கி, வடையை விட்டுவிட்டு ஒரு மைனாவின் வாலைப் பிடித்து இழுத்தது. மைனா கத்துவதற்காக வாயைத் திறந்தது. வடை கைமாறியது. காகம் அதைக் கொண்டுபோய் யாரோ விட்டுப் போன கோப்பியில் ஒரு முக்கு முக்கித் தின்றது.

“எங்கப்பாவேதான்” என்றார். “அவரும் நனைக்காம தின்னவே மாட்டார்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். படித்ததைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் ஜாதி நான். இங்கே இருக்கும் மைனாக்களில் பெரும்பாலானவை ஜாவாக்காரர்கள், 1920களில் கூண்டுப் பறவையாக வந்தவை, சொந்த ஊரில் இன்று அவற்றுக்கே பஞ்சம் என்றேன். கண்ணோரம் மஞ்சள் தீட்டிய நம் ஊர் மைனா 1930களில் வடக்கேயிருந்து தானாகவே வந்து சேர்ந்து, இன்று சிறுபான்மையாகிவிட்டது என்றேன். அவர் கொட்டாவி விட்டார். காகம் சிலோனிலிருந்து வந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டத்தில் புழுப் பிடிக்கக் கொண்டுவந்து விட்டார்கள், அங்கிருந்து மெல்ல இறங்கிச் சிங்கப்பூர் வந்தது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தோட்ட வேலைக்கா வந்துச்சு?”

“ஆமா.”

“வேலை முடிஞ்சும் திரும்பிப் போகலை?”

“போகலை.”

“அப்போ நான் சொன்னதுல என்ன தப்பு? எங்கப்பாவும் கிள்ளானுக்குத்தான் முதல்ல வந்தார்.”

2021 செப்டம்பர் 1ஆம் தேதி அவர் வாழ்க்கையில் ஒரு கறுப்பு நாள். அன்று முதல் உணவங்காடிகளில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்காமல் போனால் முதலில் எச்சரிக்கை, மறுபடியும் செய்தால் 300 வெள்ளி என்று அமலாக்க ஆரம்பித்தார்கள். விட்டுப்போன தட்டுதான் பறவைகளின் பந்தி. பந்தி எழுந்துவிட்டது. இப்போது அவர் தட்டைப் பக்தியோடு கொண்டுபோய் வைக்கிறார், மேசையைக்கூடத் துடைக்கிறார். துடைப்பது எந்தத் திசையில் என்பதுதான் விஷயம். தண்ணீர்ப் புட்டியோடு வரும் துப்புரவு ஆன்ட்டி, “அங்கிள், டோன்ட் ஃபீட் லா!” என்று பீய்ச்சுவார். இவர் கையைத் தூக்கிக் காட்டுவார். அரசிலை.

2023இல் புதுப்பிப்புக்காகத் தேக்கா நிலையத்தை மூன்று மாதம் மூடினார்கள். அவர் பெக் கியோ சந்தைக்கு மாறினார். மூன்றாம் நாளே அப்பா தேடிக்கொண்டு வந்துவிட்டதாகச் சொன்னார். அது அங்கேயே பிறந்து வளர்ந்த வேறு காகமாக இருக்கலாமே என்று கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

போன ஆடி அமாவாசைக்கு வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். டிஃபன் டப்பாவில் பருப்புச் சோறு, மேலே எள்ளு. பதினோராம் மாடியிலிருந்து வைத்தால் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் விழுகிறது என்று மருமகள் தடை போட்டுவிட்டாளாம். நாலு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு உருண்டை சிந்தினார். கம்பியில் காகம் இல்லை. கா, கா என்று மெதுவாகக் கூப்பிட்டார். பக்கத்து மேசை வங்காளதேசத் தொழிலாளி திரும்பிப் பார்த்தார். காகம் வரவில்லை. கால்மணி கழித்து ஒரு ஜாவா மைனா தத்தி வந்து, எள்ளை மட்டும் உதறிவிட்டு உருண்டையை முழுசாக விழுங்கியது. பிறகு டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தது.

பிதுர்க் காரியம் கெட்டுப்போச்சே என்று நான் பதறினேன். அவர் மைனாவையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“கெடலை தம்பி. இது என் மாமனார். அவர்தான் கூப்பிடாமலே வந்து, இன்னும் இருக்கான்னு கேப்பார்.”