மிஸ் என்ன சொன்னாங்க?

இந்த முறை கொல்கத்தா வாசகர்களுக்கு. தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் படிக்கும் வீடுகளிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. முக்கால்வாசி ஒரே புலம்பல்: பள்ளியில் நடப்பது வீட்டுக்குத் தெரிவதில்லை.

லேக் மார்க்கெட், ஓர் அம்மா: கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் நாற்பது ஐம்பது மெசேஜ். ஆனால் ஸ்போர்ட்ஸ் டே நாளைக்கு என்று இன்றிரவுதான் தெரிந்தது. எப்படி மாமா?

ப: நடுவில் 'ஓகே மேம்', 'தேங்க்யூ மேம்', நாலு கைகூப்பல், ஒரு பூங்கொத்து. அறிவிப்பு அதற்கடியில் சமாதியாகிவிட்டது. அட்மின் மட்டும் எழுதும்படி குரூப்பை மாற்றச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. அரட்டைக்குத் தனிக் குரூப் வைத்துக்கொள்ளலாம். அதுவரை நீங்களாவது 'ஓகே மேம்' போடாதீர்கள்.

சால்ட் லேக், ஓர் அப்பா: பிள்ளை எப்படிப் படிக்கிறான் என்று எங்களிடம் சொல்வது பள்ளியின் இஷ்டமா?

ப: கடமை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் எல்லாவற்றையும் தெரிவிப்பதை ஆசிரியரின் வேலையாகவே அதன் 24-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. ஆகவே 'கொஞ்சம் சொல்ல முடியுமா சார்?' என்று இழுக்காதீர்கள். 'அடுத்த மீட்டிங் எப்போ சார்?' அவ்வளவுதான்.

பாலிகஞ்ச், இன்னோர் அம்மா: 'கார்ஜென் கால்' (கார்டியனை வரச் சொல்லும் அழைப்பு) என்று பள்ளியிலிருந்து போன் வந்தாலே வயிறு கலங்குகிறது.

ப: கலங்காமல் என்ன செய்யும்? பையன் பெஞ்சை உடைத்தால் அழைப்பு வரும். பக்கத்தில் இருப்பவனுக்குத் தன் டிபனில் பாதியைக் கொடுத்தால் வராது. இந்த ஊரில் ரொம்ப நாளாக இருக்கும் கெட்ட பழக்கம் இது. அடுத்த கூட்டத்தில் மிஸ்ஸிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த மாசம் இவன் நல்லதா என்ன பண்ணினான்?' முதல் தடவை யோசிப்பார். அடுத்த தடவை கவனித்து வைத்திருப்பார்.

ஹவுரா, ஒரு தாத்தா: பேரன் பையில் சர்க்குலர் எங்கே இருக்கும்?

ப: அடியில். டிபன் டப்பாவுக்குக் கீழே, எட்டாக மடிந்து, லுச்சி எண்ணெய் ஊறி, மூலையில் பென்சில் துருவல் ஒட்டிக்கொண்டு. பிரித்தால் தேதி முந்தாநாள். பிள்ளை வந்ததும் 'என்ன சாப்பிட்டே?' பிறகு. முதலில் பையைக் கவிழ்க்கவும்.

கஸ்பா, ஓர் அம்மா: சர்க்குலர் வங்காளத்தில் வருகிறது. எனக்குத் தமிழும் இங்கிலீஷும்தான் தெரியும். நல்லவேளை, பையனே படித்துச் சொல்லிவிடுகிறான்.

ப: 'கொஞ்சம் பேசறேனாம், மத்தபடி நல்ல பையனாம்' என்று சொல்லியிருப்பானே? குற்றம் சாட்டப்பட்டவரையே மொழிபெயர்ப்பாளராக எந்தக் கோர்ட்டும் வைப்பதில்லை. போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலிகள் உண்டு. அதைவிட நம்பகம் எதிர் வீட்டு வங்காளி பௌதி. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யச் சொல்லி, அரசியல் சட்டத்தில் 1956-லேயே 350ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அம்மாவுக்கு வரும் சர்க்குலரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. இருந்திருக்க வேண்டும்.

டம்டம்: பூல் கார் காக்கு சொல்லும் செய்தியை நம்பலாமா?

ப: நேரத்துக்கு நம்பலாம். தேதிக்கு நம்பாதீர்கள்.

காலேஜ் ஸ்ட்ரீட், பழைய புத்தகப் பிரியர்: வாட்ஸ்அப் இல்லாத கல்கத்தாவில் பெற்றோருக்கு எப்படிச் செய்தி போயிற்று?

ப: குதிரை வண்டியில் போயிற்று. 1849 மே 7-இல் பெத்யூன் துரை 21 சிறுமிகளோடு ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெண்ணுக்குப் படிப்பா என்று ஊரே முகம் சுளித்த காலம். மதன்மோகன் தர்க்காலங்கார் என்ற பண்டிதர் தம் இரண்டு மகள்களையும் அங்கே அனுப்பினார். பள்ளியின் செயலாளராக வந்தவர் வித்யாசாகர். சிறுமிகளை ஏற்றிப் போகும் வண்டியின் பக்கவாட்டில் ஒரு சம்ஸ்கிருத வாசகம் எழுதியிருந்தார்கள்: மகளையும் அக்கறையாகப் படிக்க வைக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். சாஸ்திரத்தைச் சொல்லித் தடுத்தவர்களுக்குச் சாஸ்திரத்திலிருந்தே பதில், அதுவும் வீட்டு வாசலுக்கே வந்து. இன்றைக்கு ஸ்கூல் பஸ்ஸின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது? 'அட்மிஷன் ஓபன்'.

பெஹாலா: மழை கொட்டினால் பள்ளி உண்டா இல்லையா என்று யாரைக் கேட்பது?

ப: வெயிலுக்கும் சேர்த்துக் கேளுங்கள். 2024-இல் வெயில் தாங்காமல் கோடை விடுமுறையை ஏப்ரல் 22-க்கே இழுத்தார்கள். 2025 செப்டம்பர் 23-இல் ஒரே ராத்திரி மழையில் நகரம் மூழ்கியபோது பூஜை விடுமுறையை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். திடீர் விடுமுறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலைப் பிரிவுக் குழந்தை ஆறு மணிக்கே ஷூ மாட்டிவிடுகிறது. ஏழு மணிக்கு வரும் 'இன்று விடுமுறை' யாருக்கு? ஐந்தரைக்குள் ஒரு வரி போதும்: உண்டு, இல்லை. 'நிலைமையைப் பொறுத்து' என்பது பதில் இல்லை. டன்டனியாவில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் அப்பாவுக்கு நிலைமை நன்றாகவே தெரியும்.

கரியாஹாட்: சரஸ்வதி பூஜைக்கு மஞ்சள் துணி வேண்டும் என்று முதல் நாள் ராத்திரி சொல்கிறார்கள்!

ப: இது மிஸ் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சரஸ்வதி பூஜை நமக்கு நவராத்திரியில், வங்காளிகளுக்கு வசந்த பஞ்சமியில். தை, மாசியில் வரும். பஞ்சாங்கம் ஒரு வருஷம் முன்னாலேயே சொல்லிவிட்டது. பொங்கல் துணி எடுக்கும்போதே மஞ்சளாக எடுங்கள்.

உல்டாடாங்கா: கட்டணம் கட்டக் கடைசி நாள் மட்டும் மூன்று தடவை மெசேஜ் வருகிறது. உதவித்தொகை பற்றி ஒரு தடவைகூட வரவில்லையே?

ப: வரவேண்டிய பணத்துக்கு ஞாபகசக்தி அதிகம். நீங்களே தெரிந்துகொள்ளுங்கள். சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான ஐக்யஸ்ரீ ஒன்றாம் வகுப்பிலிருந்தே கிடைக்கும்படி வகுத்தது. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கான சிக்ஷாஸ்ரீ ஐந்திலிருந்து எட்டு வரை. 2020 டிசம்பரில் மாநில அரசின் 'துவாரே சர்க்கார்' (வாசலில் அரசு) முகாம்கள் தொடங்கியபோது இந்த இரண்டுக்கும் அங்கேயே மனு வாங்கினார்கள். நாலாம் வகுப்பிலேயே வீட்டுக்குச் சொன்னால்தான் ஐந்தாம் வகுப்புக்குள் சாதிச் சான்றிதழ் கையில் இருக்கும். அப்போது சொல்லாமல் கடைசி நாளுக்கு முதல் நாள் நோட்டீஸ் ஒட்டுகிறவர், மனு குறைவு என்று அப்புறம் அறிக்கை எழுதக் கூடாது.

மாணிக்தலா: கேட்காமல் கொள்ளாமல் பள்ளியில் ஏதோ மாத்திரை கொடுத்துவிட்டார்கள்.

ப: பூச்சி மாத்திரை. அல்பெண்டசோல். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-இல் ஆரம்பித்தது. வழக்கமாக பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. ஒன்றிலிருந்து 19 வயதுவரை. நல்ல மாத்திரைதான். காய்ச்சலாக இருந்தால் அன்றைக்கு வேண்டாம், விட்டவர்களுக்குப் பின்னால் இன்னொரு நாள் உண்டு. இதை முந்தின வாரம் டைரியில் எழுதி அனுப்பியிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள். பூச்சிக்குச் சொல்லாமல் கொடுக்கலாம், அம்மாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஜாதவ்பூர்: போர்டைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பெண் நோட்டைப் பார்த்து எழுதுகிறாளாம். டைரியில் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மை.

ப: பக்கத்து நோட்டு தெரிகிறது, போர்டு தெரியவில்லை. மிஸ்ஸே நோயைக் கண்டுபிடித்துவிட்டுப் பெயரை மாற்றி எழுதிவிட்டார். முதலில் கண்ணைப் பாருங்கள். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு 2013 முதல் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரமில் மருத்துவக் குழு வருகிறது. கண், காது, பல், இதயம் எல்லாம் இலவசம், 18 வயதுவரை. அந்தக் குழு என்றைக்கு வருகிறது என்று வாசலில் எழுதிப் போடச் சொல்லுங்கள். கண் சரியாக இருந்தும் எழுத்து புரண்டு புரண்டு வந்தால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் கணக்கில் எடுத்திருக்கிறது. அந்தக் குழந்தைக்கு உதவி உரிமை. சிவப்பு மை இல்லை.

ஓர் ஆசிரியை: மெசேஜ் அனுப்பிவிட்டேன். படிக்காதது பெற்றோர் தப்புதானே?

ப: கோபித்துக்கொள்ளாதே அம்மா. கொரோனா காலத்தில் போட்ஸ்வானாவில் சுமார் 4,500 குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எஸ்எம்எஸ் மட்டும் அனுப்பிய வீடுகளில் பிள்ளைகளின் கணக்கு பெரிதாக முன்னேறவில்லை. எஸ்எம்எஸ்ஸோடு வாரம் ஒருமுறை போன் செய்து பேசிய வீடுகளில் முன்னேறியது. முப்பது வீட்டுக்கும் போன் போட உனக்கு நேரமில்லை, தெரியும். பதிலே வராத நாலு வீட்டுக்குப் போடு.

டோலிகஞ்ச், ஒரு தலைமை ஆசிரியர்: ஏழைக் குடும்பங்கள். கூட்டம் போட்டால் யாரும் வருவதில்லை.

ப: வந்தார்களே! 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2022 பிப்ரவரி 16-இல்தான் திறந்தன. இடையில் மதிய உணவுக்குப் பதிலாக அரிசியும் உருளைக்கிழங்கும் கொடுத்தீர்கள். அம்மாக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அதே கையில் பிள்ளைக்கான பயிற்சித் தாளையும் கொடுத்து அனுப்பினீர்கள். இப்போது கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு மணி நேரம் உபதேசம். அரை நாள் கூலியை விட்டுவிட்டு அதற்கா வருவார்கள்? உதவித்தொகைப் படிவம் கொடுங்கள், கண் டாக்டரைக் கூப்பிடுங்கள், ஒன்றுமில்லை என்றால் பிள்ளை வரைந்த படத்தையாவது சுவரில் ஒட்டி வையுங்கள்.

நியூ அலிபூர்: எங்கள் வீட்டு வேலைக்கு வரும் மாஷி கேனிங் லோக்கலில் வருகிறாள். அவள் பெண் இங்கே தொடக்கப் பள்ளியில் படிக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்குப் பள்ளி செய்தி எப்படிப் போய்ச் சேரும்?

ப: மூன்று வழி. வாசலில் பிள்ளையை விடும்போது நோட்டீஸை யாராவது உரக்கப் படிக்கலாம். மிஸ் எழுத்துக்குப் பதில் குரல் செய்தி அனுப்பலாம். மூன்றாவது உங்கள் கையில்: கூட்டத்தன்று லீவு கொடுங்கள், சம்பளம் பிடிக்காமல்.

ராஜர்ஹாட்: பள்ளி நிர்வாகக் குழுவில் என்னைச் சேரச் சொல்கிறார்கள். நமக்கெதற்கு?

ப: அரசுப் பள்ளியில் அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் ஒதுங்கினால் அந்த நாற்காலியில் ஒப்பந்தக்காரர் உட்காருவார்.

ஷாலிமார் பக்கம்: பூஜை விடுமுறை என்று ஆரம்பம், என்று முடிவு என்று கடைசிவரை சொல்ல மாட்டேன் என்கிறார்கள். ஊருக்குப் போக வேண்டாமா?

ப: ரயில்வே 60 நாள் முன்பு முன்பதிவைத் திறக்கிறது. 61-ஆம் நாள் தேதி தெரிந்தவனுக்குக் கோரமண்டலில் ஜன்னல் ஓரம். பள்ளி வாயைத் திறக்கும்வரை காத்திருப்பவனுக்குத் தட்கால். வருஷ ஆரம்பத்தில் கொடுக்கும் விடுமுறைப் பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். கொடுக்காவிட்டால் ஜனவரியிலேயே எழுதிக் கேளுங்கள்.

பாராநகர்: எல்லா வீட்டுக்கும் ஒரு செய்தியைக் கொண்டுசேர்ப்பது இந்த நாட்டில் நடக்கிற காரியமா?

ப: நடந்திருக்கிறது. போலியோ சொட்டு மருந்து. ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க் கதவில் சாக்பீஸால் குறி போட்டார்கள். எல்லாக் குழந்தைக்கும் கொடுத்தாயிற்று என்றால் 'பி'. ஆள் இல்லை, மறுத்துவிட்டார்கள் என்றால் 'எக்ஸ்'. எக்ஸ் வீட்டுக்கு மறுபடி போனார்கள், அப்புறமும் போனார்கள். தயங்கியவர்களிடம் அந்தத் தெருவில் மதிப்புள்ள ஒருவரை அழைத்துப் போய்ப் பேசினார்கள். இந்தியாவில் காட்டு வைரஸால் வந்த கடைசி போலியோ 2011 ஜனவரியில், உங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு. 2014 மார்ச் 27-இல் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. அனுப்பிய செய்தியை எண்ணியவர்கள் இல்லை அவர்கள்; சேராத வீட்டை எண்ணியவர்கள். உங்கள் பள்ளியில் எந்தெந்த வீடு எக்ஸ் என்று தலைமை ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

லேக் கார்டன்ஸ், ஓர் அப்பா: பெற்றோர் கூட்டம் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் டெர்பி மேட்ச். மனைவி போனால் போதாதா?

ப: மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் அடுத்த வருஷமும் மோதும். உங்கள் பெண் இரண்டாம் வகுப்பில் ஒரு வருஷம்தான் இருப்பாள்.

நாலாம் வகுப்புப் பையன்: ஆனுவல் ஸ்போர்ட்ஸுக்கு அப்பா அம்மா வரணுமாம். நான் கடைசியாதான் ஓடுவேன். சர்க்குலரைக் காட்டாம விட்டுடலாமா தாத்தா?

ப: காட்டிவிடு ராஜா. அப்பாவை ஃபினிஷிங் லைனுக்குப் பக்கத்தில் நிற்கச் சொல். போனைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு உன் பெயரைச் சொல்லிக் கத்தச் சொல். அம்மாவிடம் தொப்பி கேள், மைதானத்தில் வெயில் இருக்கும். ராத்திரியே ஷூ லேஸைப் பார்த்து வை.