மாப்ள வண்டிக்கு வயசாகலீங்க

உக்காருங்க மாப்ள. உங்க அத்தை மோர் கொண்டாருவா. வண்டியைக் கெணத்து முக்குலயே நிறுத்திப்போட்டு எல்லாரும் நடந்து வர்றீங்கன்னு ஆட்டுக்காரப் பையன் முன்னாடியே ஓடியாந்து சொல்லிப்போட்டான். நடக்கறது உடம்புக்கு நல்லதுதானுங்க. கோயமுத்தூர்ல காசு குடுத்து ஒரே எடத்துல நின்னுக்கிட்டு நடக்கறாங்களாமே, இங்க அது சும்மாவே கெடைக்குது. அம்மிணிதான் பட்டுச்சேலையோட வெயில்ல வந்ததுல மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது. அதையும் ரேடியேட்டர்னு சொல்லிறாதீங்க.

இந்தத் தடவையும் ஹீட்டுதானுங்களா? போன நோம்பிக்கு வந்தப்பவும் அதேதான். அப்ப ரேடியேட்டர் மாத்துனீங்க. அதுக்கு முன்னால ஃபேன் மோட்டார். இப்ப வாட்டர் பம்ப் போச்சுன்னு ஒருத்தன் சொல்றானாக்கும். மாத்துங்க, மாத்துங்க. இப்படியே போனா ஒரு நாளைக்கு நம்பர் பிளேட் மட்டும் பழசா, மிச்ச வண்டி பூராவும் புதுசா நிக்கும். அப்பவும் ஹீட் ஆகும்.

கேட்டா "வண்டிக்கு வயசாச்சு மாமா"ங்கறீங்க. எனக்குந்தான் வயசாச்சு, ரோட்டு முக்குல நின்னேனுங்களா? வயசானா சாமான் தேயும், நெசந்தான். ஆனா தேஞ்ச சாமானை மாத்துனதுக்கு அப்பறமும் அதே கோளாறு வந்து நிக்குதுன்னா, அது திரும்பி வரலீங்க மாப்ள, போகவே இல்ல. நீங்க அதும் மேல புதுச் சாமானை வெச்சு மூடிப்போட்டு, பில்லைக் கட்டிக்கிட்டு வந்திருக்கீங்க. உங்க கம்ப்யூட்டர் ஆபீசுல ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தா, வரும்போதெல்லாம் புதுக் கம்ப்யூட்டரா வாங்குவீங்க?

ஆம்னியைக் குறை சொல்லாதீங்க. 1984-ல மாருதி வேன்னு வந்து 2019 வரைக்கும் ஓடுன வண்டி அது. பள்ளிக்கூடத்துப் புள்ளை, ஆஸ்பத்திரிக்குப் போற நோயாளி, கல்யாணத்துச் சமையக்காரன் அண்டா, எல்லாத்தையும் ஏத்தியிருக்குது. சினிமாவுல புள்ளை கடத்தறவன்கூட இதைத்தான் நம்பியிருக்கான். கடத்தறவன் வண்டி எந்தப் படத்துலயாச்சும் ஹீட்டாகி நின்னு பாத்திருக்கீங்களா? நிக்காது. அவன் தொழில்ல அக்கறை உள்ளவன்.

சரி, சொல்லுங்க, ரேடியேட்டர்ல என்ன ஊத்தறீங்க? தண்ணிதான? எந்தத் தண்ணி? போர்த் தண்ணி. நம்ம பக்கத்துப் போர்த் தண்ணியில பருப்பே வேகாதுங்க. குளிக்கற பக்கெட்டுல வெள்ளை வெள்ளையாப் படியறதே, அதேதான் என்ஜினுக்கு உள்ளயும் படியும். சிறுவாணித் தண்ணியை ஊத்துனா உப்புக் கொறையும், ஆனா துரு விடாது. அதுக்குத்தான் கூலன்ட்டுன்னு ஒண்ணு இருக்குது. பச்சையா சிவப்பான்னு நெறத்தைப் பாத்து வாங்காதீங்க, அது சேலை இல்ல. வண்டியோட குடுத்த புஸ்தகத்துல எதைப் போட்டிருக்கானோ அதை வாங்கி, பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊத்துங்க. அதுக்கு முந்தி உள்ள இருக்கற செங்கலங்கல் தண்ணியை எறக்கி, தெளிவா வர்ற வரைக்கும் கழுவச் சொல்லுங்க. கழுவாம புது ரேடியேட்டர் போட்டா, என்ஜின்ல தேங்கிக் கெடக்கற கசடு பூராவும் அதுக்குக் குடிவந்துரும். ரேடியேட்டர் கடைக்காரன் உங்களைப் பேர் சொல்லி வரவேற்கறானாமே, அந்தச் சிநேகிதம் எப்படி வளந்துச்சுன்னு இப்பத் தெரியுதுங்களா?

அப்பறம் அந்த மூடி. தண்ணி சிந்தாம இருக்கறதுக்கு வெச்ச மூடின்னு நெனைச்சுக்கிட்டிருக்கீங்க. அது உள்ள அழுத்தத்தைப் புடிச்சு நிறுத்துது. அதனாலதான் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணி கொதிக்காம அடங்கி நிக்குது. மூடிக்குள்ள இருக்கற ரப்பர் காஞ்சு வெடிச்சுப் போச்சுன்னா அழுத்தம் நிக்காது, ஒரு மேட்டை ஏறுனாலே கொதிச்சு வழியும். ஆயிரக்கணக்குல குடுத்து ரேடியேட்டர் மாத்துனீங்க. மாத்துனவன் அந்தப் பழைய மூடியையே எடுத்து மேல போட்டான். நீங்களும் மூடிக் காசு மிச்சம்னு சந்தோசப்பட்டிருப்பீங்க. இல்லீங்களா? சிரிக்காதீங்க, மோர் பொரையேறும். இன்னொண்ணு, கொதிச்சு நிக்கற வண்டியில மூடியைத் திருகிப் பாக்கற வேலை வேண்டாம். ஆறட்டும். அம்மிணி திட்டறதை அந்த நேரத்துல கேட்டுக்கலாம்.

தெர்மாஸ்டாட் இருக்குதான்னு பாத்தீங்களா? இருக்காதுங்க. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்"னு சொல்லி எவனாச்சும் எப்பவோ கழட்டி வீசியிருப்பான். நம்ம பக்கத்து மெக்கானிக்குக அதை ஒரு வேண்டுதலாவே வெச்சிருக்காங்க. 80 டிகிரிக்கு மேல தானாத் தொறக்கற வால்வு அது. கெட்டுப்போய் மூடியே நின்னா ஹீட் ஆகும், அதுக்குப் புதுசு போடணும். இல்லாமயே ஓட்டுனா என்ஜின் பதமான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் சேத்துக் குடிக்கும். மைலேஜ் கெடைக்கலைன்னு நீங்க பெட்ரோல் பங்க்குக்காரனைத் திட்டிக்கிட்டுத் திரியறீங்களே, பாவம் அவன்.

இந்த வண்டியில என்ஜின் சீட்டுக்கு அடியில, ரேடியேட்டர் முன்னாடி மூக்குல. நடுவுல நீளமாப் பைப் ஓடுது. அவசர அவசரமாத் தண்ணியை ஊத்தி மூடிப்போட்டா உள்ள காத்து நின்னுக்கும். காத்தைப் பம்ப் தள்ளாது. ஏர்லாக்குன்னா என்னன்னு தோட்டத்துல மோட்டார் ஓட்டறவன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான். கூலன்ட்டை மெதுவா ஊத்தி, என்ஜினை ஓடவிட்டு, குமிழி வர்றது நிக்கற வரைக்கும் பாத்து, கொறைஞ்சதை நெரப்பி, அப்பறந்தான் மூடணும். உங்க மெக்கானிக்குக்கு அவ்வளவு நேரம் இருக்காது. நீங்க பக்கத்துலயே நின்னு போன் பாத்துக்கிட்டு இருந்தா அவனுக்கு இன்னும் அவசரம் வந்துரும்.

வால்பாறைக்குப் போனீங்களே. ஆழியாத்துல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஒம்பதாவது வளைவுல நின்னு எல்லாரும் அணையைப் பாப்பாங்க, நீங்க சீட்டைத் தூக்கி என்ஜினைப் பாத்தீங்களாம். பேரன் வந்து சொன்னான். 796 சிசி, மூணு சிலிண்டர். மாருதி 800-ல இருந்ததும் இதே அளவு என்ஜின்தான். அதுல எட்டுப் பேருக்குப் பதிலாப் பத்துப் பேரை அடைச்சு, மேல கேரியர்ல தேங்கா மூட்டையையும் போட்டா அது என்னங்க செய்யும்? தேங்கா நான் குடுத்ததுதான், வேண்டாம்னு சொல்ல வேண்டியது நீங்கதான. ஆனா ஒண்ணு பாருங்க, என்ஜின் சூடேறுனா இந்த வண்டியில மொதல்ல சுடறது ஓட்டறவனுக்கு. சுட்டும் நிறுத்தலைன்னா ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். பொறத்தால வெள்ளைப் பொகை விடாம வரும், ஆயில் வெளுத்துக் கொழகொழன்னு ஆகும். அப்பறம் லேத்துக்காரன் வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் போக்குவரத்து ஆரம்பிச்சுரும்.

நீலப் பொகைன்னா ஆயில் எரியுது, கருப்புன்னா பெட்ரோல் அதிகம். பொகையைப் பாத்துச் சொல்றதுக்குச் சோசியம் தெரிய வேண்டாங்க. திரும்பிப் பாத்தாப் போதும்.

பேட்டரி கதையும் இதே கதைதான். செல்ஃப் எடுக்கலைன்னா பேட்டரி கடைக்கு ஓடறீங்க. பேட்டரி கடைக்காரன்கிட்டப் போய் எதை மாத்தட்டும்னு கேட்டா அவன் ஒயரையா சொல்லுவான்? ஒரு மல்டிமீட்டர் வாங்கி வெச்சுக்குங்க. வண்டி நின்னு ஆறுனப்பறம் பேட்டரியில 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். வண்டி ஓடறப்ப 14 பக்கம் காட்டணும். ஓடறப்பவும் ஏறவே இல்லைன்னா சார்ஜ் ஆகல, ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்க. ரெண்டும் சரியா இருந்து செல்ஃப் மட்டும் டிக்கு டிக்குன்னா, எர்த் ஒயர் பாடியில மாட்டியிருக்கற எடத்துல துரு ஏறியிருக்குதான்னு பாருங்க. உப்புத்தாளைப் போட்டுத் தேச்சு, போல்ட்டை இறுக்குனாத் தீர்ந்துது. அந்தத் தாளுக்குப் பதிலா நீங்க எத்தனை பேட்டரி வாங்குனீங்கன்னு அம்மிணி முன்னால நான் கேக்க மாட்டனுங்க.

சைடு கதவு ரோலரை விட்டுக் கழண்டு கையோட வருதுங்கறீங்க. வரட்டும், கயித்தைக் கட்டிக்கூட நாலு நாள் ஓட்டலாம், பாக்கறவன் சிரிப்பான், அவ்வளவுதான். ஏசி இல்லைன்னாச் சன்னல் இருக்குது. ஆனா பிரேக்குல மட்டும் உங்க சிக்கனத்தைக் காட்டாதீங்க மாப்ள. அதுல ஓடற ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேந்த ஆயில் மலையெறக்கத்துல சூடேறிக் கொதிச்சா, பெடலை மிதிச்சா மிதிச்ச எடத்துலயே கெடக்கும், வண்டி போய்க்கிட்டே இருக்கும். ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்திருங்க. எறங்கறப்ப சின்ன கியர்ல எறங்குங்க. நியூட்ரல்ல உட்டுப் பெட்ரோல் மிச்சம் புடிக்கறதா உங்க தம்பி பெருமையாச் சொன்னான், அவன் வண்டியில என்ற பேரப்புள்ளைகளை ஏத்தாதீங்க.

பெட்ரோல் ஓசும் அப்படித்தான். இப்ப பங்க்குல வர்ற பெட்ரோல்ல நூத்துக்கு 20 எத்தனால். உங்க 2009 வண்டியோட ரப்பரு அதுக்குன்னு செஞ்ச ரப்பரு இல்ல. ஓசு விறைச்சு வெடிச்சிருக்குதான்னு சீட்டைத் தூக்கித் தடவிப் பாருங்க, புதுசு மாத்தச் செலவு கம்மிதான். உள்ள பெட்ரோல் வாசம் வந்தா வண்டியை ஓரங்கட்டி எல்லாரையும் எறக்குங்க. போன தடவை வாசம் வருதுன்னு டேஷ்போர்டு புள்ளையாருக்கு ஊதுபத்தி ஏத்துனீங்களாமே. புள்ளையாருக்கே திக்குன்னு இருந்திருக்கும்.

உங்க கொறை என்னன்னு சொல்லட்டுங்களா? வண்டிக்கு டாக்டர் அதிகம், கேஸ் சீட்டு இல்ல. நீங்க காந்திபுரத்துல ஒருத்தன்கிட்டக் குடுப்பீங்க, உங்க தம்பி அவனுக்குத் தெரிஞ்ச பையன்கிட்ட உடுவான், ரோட்டுல நின்னா எதுக்கால இருக்கற பஞ்சர் கடைக்காரனும் ஒரு ஒயரைப் புடுங்கி வேற எடத்துல சொருவுவான். எவன் எதைக் கழட்டுனான், எதை மாட்டுனான்னு ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நோட்டுப் போடுங்க. தேதி, கிலோமீட்டர், என்ன கோளாறு, என்ன மாத்துனது. கூடவே எப்ப வந்துச்சுன்னும் எழுதுங்க: மேட்டுலயா, சிக்னல்ல நின்னப்பவா. ஓடறப்பச் சரியா இருந்து நின்னா மட்டும் ஹீட் ஏறுதுன்னா ஃபேன் பக்கம். மேட்டுல, வேகத்துல மட்டும் ஏறுதுன்னா அடைப்பு. அதைச் சொன்னா நல்ல மெக்கானிக் பாதி வேலையை முடிச்சமாதிரி. ஒரே நாள்ல நாலு சாமானை மாத்தவும் உடாதீங்க. சரியாப் போனாலும் எதனால சரியாப் போச்சுன்னு தெரியாமப் போயிரும், அடுத்த தடவை மறுபடி நாலையும் வாங்குவீங்க. கழட்டுன பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்க. கேப்பீங்கன்னு தெரிஞ்சாலே கொஞ்சம் சாமான் கெடாமப் போயிரும்.

காயலான் கடைக்காரன்கிட்ட வித்துப்போடலாம்னு நெனைக்கறீங்களா? அது உங்க இஷ்டம். 15 வருசம் முடிஞ்சு, ஆர்டிஓ ஆபீசுல 5,000 கட்டி இன்னும் அஞ்சு வருசத்துக்கு ஆர்சியைப் புதுப்பிச்சு வெச்சிருக்கீங்க. மொதல்ல லிப்ட்டுல ஏத்தி அடியைப் பாருங்க. என்ஜினைப் போர் பண்ணிக்கலாம், கியர் லிங்க் புஷ் மாத்திக்கலாம், சாமானுக்குப் பஞ்சமில்ல. அடித்தகடும் லீஃப் ஸ்பிரிங் மாட்டற எடமும் துருப்புடிச்சுப் பொத்துப்போயிருந்தா, அதுக்கு மேல ஒரு ரூவாயும் போடாதீங்க. தகடு கெட்டியா இருந்தா வண்டி இருக்குது.

கெட்டியாத்தாங்க இருக்குது. நீங்க கைகால் கழுவப் போனப்ப நான் போய்க் குனிஞ்சு பாத்துட்டு வந்துட்டன். ஆமா, அந்தக் காயலான் கடைக்காரன் எவ்வளவு தர்றன்னானுங்க? அதுக்கு மேல ஒரு ஐநூறு போட்டு நான் தர்றேன். சந்தைக்குத் தேங்கா கொண்டுபோக ஆட்டோவுக்கு அழுது முடியல. இல்லீங்க, அவசரமில்ல, ரோசனை பண்ணுங்க. அம்மிணிகிட்ட மட்டும் இப்பச் சொல்ல வேண்டாம், அது வெலை பேச ஆரம்பிச்சுரும்.