ஏத்துலே சூட்டை!

வாலே பேராண்டி, உக்காரு. "சூட்டை ஏத்தினா வினை வேகமா நடக்கும், அதனால அமோனியா நெறையக் கிடைக்கும்"னு பரீட்சையில எழுதிட்டு வந்து ஆச்சிகிட்டப் பெருமை அடிச்சியாமே. பேஷ். பாதி சரி. உருப்படாமப் போனவன் பூராப் பேரும் பாதி சரியாச் சொன்னவன்தான்.

உன் தாத்தன் எட்டாப்பு தாண்டாதவன். ஆனா உரக் கம்பெனியில பிட்டரா ஸ்பேனர் பிடிச்சவன். எஞ்சினீயர்மாரு டீ குடிக்கையில பேசுனதெல்லாம் ஒரு காதுல விழுந்துச்சு. மறு காது கம்ப்ரசர் சத்தத்துல அடைச்சுப் போனதால, விழுந்தது வெளிய போகல.

சரி, உன் யோசனைப்படியே செய்வோம். நைட்ரஜன் ஒரு பங்கு, ஹைட்ரஜன் மூணு பங்கு. ஏத்து, 1000 டிகிரிக்கு ஏத்து! ஜெர்மனியில ஹேபர்னு ஒருத்தரு 1904, 1905 வாக்குல இரும்பை வச்சு இப்படித்தான் செஞ்சு பாத்தாரு. தேறின அமோனியா பத்தாயிரத்துல ஒரு பங்கு அளவு. வேகத்துக்கு ஒரு குறையும் இல்ல. வெறுங்கையோட வேகமா வீடு வந்து சேந்தாச்சு.

ஏன்னு கேளு. அமோனியா உண்டாகையில சூட்டை வெளிய விடும். நீ மேல மேல சூட்டைக் குடுத்தா, சேருறதும் வேகமாகும், பிரியுறதும் வேகமாகும். ஆனா பிரியுறதுக்குத்தான் வேகம் கூடுதலா ஏறும். சமநிலைன்னா எல்லாம் ஓஞ்சு போய் நிக்குதுன்னு நெனச்சியா? சேருறது சேந்துக்கிட்டே இருக்கும், அதே கணக்குல பிரியுறதும் பிரிஞ்சுக்கிட்டே இருக்கும். காற்றழுத்தத்தைப் போல 200 மடங்கு அழுத்தத்துல, 400 டிகிரின்னா அந்தக் கலவையில நூத்துக்கு 35க்கு மேல அமோனியா நிக்கும். 500 டிகிரின்னா 18 தேறும். 600ன்னா 8. இன்னும் ஏத்துதியா?

"அப்பக் குளுர வச்சிருவோம் தாத்தா"ம்ப. வையி. கணக்குப்படி அமோனியா அள்ளிக்கிட்டு வரணும். வரும்போது நானும் இருக்கமாட்டேன், நீயும் இருக்கமாட்டே. நைட்ரஜன்ல ரெண்டு அணுவுக்கும் நடுவுல மூணு பிணைப்பு. அதைப் பிரிக்கச் சூடு வேணும். ஆக எவ்வளவு கிடைக்கும்கறது ஒரு கேள்வி, எப்பக் கிடைக்கும்கறது இன்னொரு கேள்வி. நீ ரெண்டுக்கும் ஒரே பதிலை எழுதிட்டு ஆச்சிகிட்ட மிட்டாய் வாங்கித் தின்னுருக்கே.

அழுத்தம் மட்டும் நமக்குத் தோது. நாலு மூலக்கூறு சேந்து ரெண்டு ஆகுது. நெருக்குனா குறைஞ்ச எண்ணிக்கைப் பக்கம் சாயும். நீ மனப்பாடம் பண்ணுன லே சாட்லியர், பிரான்சுக்காரரு, 1884ல இந்த விதியைச் சொன்னாரு. 1901ல அவரே அமோனியா செய்ய எறங்குனாரு. கருவிக்குள்ள காத்து கலந்து வெடிச்சிருச்சு, விட்டுட்டுப் போயிட்டாரு. விதி எழுதினவருக்கே அந்தக் கதி, நீ விடை எழுதினவன்.

1909ல ஹேபரு மேசை மேல அமோனியாவைச் சொட்டுச் சொட்டா எடுத்துக் காட்டினாரு. (அந்த மனுசனே 1915ல போர்க்களத்துல குளோரின் விட்ட கதை வேற இருக்கு. சோறு எறங்காது, அதை இன்னொரு நாள் பேசுவோம்.) அவரு போட்ட வினையூக்கி ஆஸ்மியம், உலகத்துலயே கொஞ்சந்தான் உண்டு. மிட்டாஷ்னு ஒரு ஆளு ஆயிரக்கணக்குல கலவை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தாரு. செயிச்சது எது? சுவீடன்ல தோண்டுன இரும்புத் தாது. சுத்த இரும்பு சோம்பிக் கெடந்துச்சு, அழுக்குக் கலந்த தாது ஓடுச்சு. அந்த அழுக்கு என்னன்னு தேடித்தான் அலுமினா, பொட்டாசியமெல்லாம் சேத்தாங்க.

ஆனா எனக்குப் பிடிச்ச ஆளு, இதை ஆலையா ஆக்குன போஷ். நம்ம சாதி, இரும்பைத் தொட்டவன். சூடும் அழுத்தமும் சேந்தா ஹைட்ரஜன் உருக்குக்குள்ள நுழைஞ்சு, அதுல இருக்குற கரியைத் தின்னுரும். குழாய் நொறுங்கி வெடிக்கும். எவனும் உருக்கை இன்னும் தடியாப் போடணும்னுதான் நெனைப்பான். போஷ் உள்ள மெல்லிசா மெது இரும்பு உறை போட்டாரு. அதுல கரி கிடையாது, தின்ன ஒண்ணும் இல்ல. வெளி உருக்குல சின்னச் சின்ன ஓட்டை போட்டாரு. உறையைத் தாண்டி வந்த ஹைட்ரஜன் அது வழியாப் போயிரும். 1913ல ஓப்பாவ்ங்கற ஊர்ல ஆலை ஓடுச்சு, 1931ல நோபல் வந்துச்சு. அதே ஓட்டையை நான் போட்டிருந்தா மெமோ வந்திருக்கும்.

இத்தனைக்கும் பெறவு, கன்வர்ட்டர் வழியா ஒருதரம் கேஸ் போனா நூத்துக்கு 15 பங்கு மாறும், அம்புட்டுதான். பெறகு எப்படிப் பொழைச்சான்? கல்யாணப் பந்தி பாத்திருக்கியா? சாப்பிட்டவனை எழுப்பினாத்தான் அடுத்தவன் உக்காருவான். அதுபோல, வெளிய வந்த கேஸைக் குளுர வச்சு அமோனியாவைத் திரவமா ஒதுக்கிருவான். மிச்ச நைட்ரஜனும் ஹைட்ரஜனும் திரும்ப உள்ள போகும். சமநிலையை எட்டி உக்கார விடவே மாட்டான். இன்னைக்கும் 400, 500 டிகிரிக்கு நடுவுலதான் ஓட்டுதான். குளுரும் இல்லாம கொதியும் இல்லாம, ரெண்டு கேள்விக்கும் பேரம் பேசி முடிச்ச சூடு அது.

ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. நாளைக்கு வாத்தியாரு, "வினையூக்கியை ரெட்டிப்பாப் போட்டா சமநிலையில அமோனியா எவ்வளவு கூடும்?"னு கேப்பாரு. நீ முந்திரிக்கொட்டை, ஒடனே கையைத் தூக்குவே. தூக்காதே. வினையூக்கி சேருறதையும் பிரியுறதையும் ஒரே அளவுல விரட்டும். சீக்கிரம் கொண்டு போய்ச் சேக்கும், சேருற இடம் இம்மியும் நகராது. "ரெட்டிப்பாகும் சார்"னு பக்கத்து பெஞ்சுக்காரன் கத்தட்டும். அவன் உக்காந்த பெறவு நீ மெல்ல எந்திரி.