ஆதித்த கரிகாலன் கொலை வழக்கு: ஜொகூர் வாசகர் சாட்சியங்கள் குறித்து ஓர் ஆய்வு

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு அறிஞர்கள் இதுவரை கல்வெட்டுகளில்தான் விடை தேடியிருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடைகளில் யாரும் தேடவில்லை. தமிழ் ஆய்வுலகின் இந்தப் பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடங்கி 1954இல் முடிந்த தொடர்கதை. பாகங்கள் ஐந்து, பிணம் ஒன்று. அந்த ஒரு பிணத்தைப் பற்றி ஜொகூர் மாநிலத் தமிழ் வாசகர் என்ன நினைக்கிறார், ஏன் அப்படி நினைக்கிறார், அதை ஏன் பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி நினைக்கிறார் என்பதே ஆய்வுப்பொருள்.

கொலை நடந்த கடம்பூர் காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கிறது, அதற்கும் ஜொகூருக்கும் என்ன சம்பந்தம் என்று ஓர் ஆட்சேபம் எழலாம். எழுந்தால் உட்காரச் சொல்ல வேண்டும். ஜொகூர்க்காரர் இந்த வழக்கில் வேடிக்கை பார்ப்பவர் அல்லர், பாதிக்கப்பட்ட தரப்பு. கரிகாலன் அகாலமாக இறந்திராவிட்டால் தம்பி அருள்மொழிக்குப் பட்டம் வந்திருக்காது. அவர் ராஜராஜன் ஆகியிராவிட்டால் அவர் மகன் ராஜேந்திரன் 1025இல் கடாரத்தின்மேல் கப்பல் விட்டிருக்க முடியாது. ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி அடுக்கிச் சொல்லும் ஊர்ப்பட்டியலில் ஜொகூரின் பெயர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் ‘செஜாரா மெலாயு’ அந்தக் குறையை வைக்கவில்லை. 1612இல் ஜொகூர் அரசவையின் பெண்டஹாரா, அதாவது தலைமை அமைச்சர், துன் ஸ்ரீ லானாங் தொகுத்ததாகச் சொல்லப்படும் மலாய்ப் பெருநூல் அது. அதில் கிலிங் நாட்டிலிருந்து ராஜா சூலான் பெரும்படையோடு வருகிறார். ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த கருங்கல் கோட்டையைப் பிடித்து, அந்த ஊர் அரசனைக் கொன்று, அவன் மகளை மணக்கிறார். இந்த சூலான் சோழன்தான் என்று கொள்வோர் பலர். அந்தக் கோட்டை ஜொகூர்க் காட்டுக்குள் புதைந்து கிடக்கிறது என்று 2005இல் நாளிதழ்கள் எழுதின. காடு இருக்கிறது, கோட்டைதான் அகப்படவில்லை.

அதே நூலில் அதே வம்சத்து மன்னர் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்கு அடியில் இறங்குகிறார். அங்கே ஓர் இளவரசியை மணந்து மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனாகிறார். ஆக, சோழர்களை வைத்து மாயக்கதை எழுதும் தொழில் இந்த மண்ணில் கல்கிக்கு முந்நூறு ஆண்டு முன்பே நடந்திருக்கிறது. ‘பொன்னியின் செல்வன்’ சரித்திரக் கதையாயிற்றே, அதை மாயக்கதையோடு சேர்க்கலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வானத்தில் வால்நட்சத்திரம், ஒரே முகத்தில் இரண்டு பெண்கள், ஆவி போலத் தோன்றி மறையும் ஊமை ராணி, எந்தச் சுவரைத் தட்டினாலும் திறக்கும் சுரங்கப்பாதை. சுரங்கம் முடியும் இடத்தில் கதாநாயகன் வந்தியத்தேவன் தவறாமல் நிற்பான். இவ்வளவையும் பாடப்புத்தகம் போல நம்பிப் படிப்பவரை மாயக்கதை வாசகர் என்று வகைப்படுத்துவதில் இக்கட்டுரைக்குத் தயக்கம் இல்லை.

களப்பணி மூன்று இடங்களில் நடந்தது: ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் உணவகங்கள், குளுவாங் ரயில் நிலையத்துக் கோப்பிக் கடை, சிங்கப்பூருக்குப் போகும் காஸ்வே. மூன்றாவது இடம் ஆய்வாளருக்குக் கிடைத்த வரம். 1924இல் திறந்த அந்தப் பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். நெரிசல் நேரத்தில் அதைக் கடப்பதற்குள் ஒருவர் முதல் பாகம் முழுவதையும் சொல்லி, இரண்டாம் பாகத்தில் கப்பலும் ஏறிவிடலாம். சாட்சி இறங்கி ஓட வழியும் இல்லை.

முதலில் வயது, தொழில், ஊர் என்று பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. கூலாயில் டீச்சரும் மாசாயில் லாரிக்காரரும் ஒரே ஆளைக் குற்றவாளி என்றார்கள். ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் இரு வேறு கொலைகாரர்களை வைத்திருந்தார்கள். பிறகுதான் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று புலப்பட்டது: “எத்தனாவது பாகம் வரைக்கும் படிச்சீங்க?” இதைக் கேட்டதும் சாட்சிகள் குரலைத் தாழ்த்தினார்கள், கோட்பாடு தானாக மேலே வந்தது. வாசகர் எந்தப் பாகத்தோடு நிறுத்தினாரோ, அந்தப் பாகத்தில் அதிகமாக முறைத்தவரே அவருக்குக் கொலைகாரர்.

முதல் பாகத்தோடு நின்றவர்கள், சோழநாட்டுச் சிற்றரசர் பெரிய பழுவேட்டரையரே கொலைகாரர் என்னும் கட்சி. இது எதிர்பார்க்கத்தக்கதே. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடிச் சதி பேசியதை வந்தியத்தேவனோடு இவர்களும் ஒளிந்திருந்து கேட்டவர்கள். கேட்டதை மறக்கவில்லை. “அறுபது வயசுக்கு மேல கல்யாணம் கட்டுன ஆளு, அவர நம்ப முடியுமா லா?” என்றார் ஸ்கூடாய்ப் பெரியவர் ஒருவர். இந்த வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை; அவர் வீட்டில் இருக்கிறது போலும்.

இரண்டாம் பாகத்தோடு நின்றவர்கள் தனி இனம். அந்தப் பாகம் பெரும்பாலும் இலங்கையிலும் கடலிலும் நடக்கிறது; கடைசியில் புயல். இவர்களுக்குக் கொலையே நினைவில்லை. “கரிகாலனா? கடல்ல விழுந்தது அருள்மொழி தானே?” என்று ஆய்வாளரைத் திருத்தினார்கள். படகோட்டும் பெண் பூங்குழலிக்குக் கல்யாணம் ஆயிற்றா என்பதே அவர்களது ஒரே விசாரணை. ஆயிற்று என்றேன். யாரோடு என்று கேட்டார்கள். சொல்லவில்லை, ஆய்வு நெறி என்று ஒன்று இருக்கிறது.

மூன்றாம் பாகத்துக்குக் கல்கி வைத்த தலைப்பே ‘கொலை வாள்’. அதில் வாள் இருக்கிறது, கொலை இல்லை. கொலை ஐந்தாம் பாகத்தில்தான். தலைப்பை நம்பி ஏமாந்தவர்களும் அந்த வாளை மடியில் வைத்துக்கொண்டு பேசும் பழுவேட்டரையரின் இளம் மனைவி நந்தினியைக் கண்டு நடுங்கியவர்களும் சேர்ந்து இங்கே பெருங்கூட்டமாக இருக்கிறார்கள். நந்தினி கட்சிதான் மாநிலத்தில் பெரும்பான்மை என்பது என் கணிப்பு. எண்ணிப் பார்க்கவில்லை, சத்தத்தை வைத்துச் சொல்கிறேன். நான்காம் பாகம் வரை வந்தவர்கள் கொஞ்சம் மனநல மருத்துவர் தோரணையில் பேசுவார்கள். கரிகாலனின் வெறியையும் வேதனையையும் பக்கம் பக்கமாகப் பார்த்தவர்கள் அல்லவா? “அவரே சாகத்தான் வந்தாரு” என்று சொல்லிவிட்டுத் தே தாரிக்கை மெல்ல ஆற்றுவார்கள்.

ஐந்தையும் முடித்தவர்களிடம்தான் ஆய்வு திணறியது. அவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. பின்னே, என்ன சொல்வார்கள்? இருட்டில் விளக்கு அணைகிறது, கரிகாலன் விழுகிறான். வந்தியத்தேவன்மேல் பழி விழுகிறது. கடம்பூர் மாளிகைப் பெண் மணிமேகலை, நான்தான் கொன்றேன் என்கிறாள். பெரிய பழுவேட்டரையர், என் கத்திதான் கொன்றது என்கிறார். உலகத்துத் துப்பறியும் கதைகளில் எல்லோரும் நானில்லை நானில்லை என்பார்கள். இங்கே ஆளுக்கு ஆள் நான்தான் என்று வரிசையில் நிற்கிறார்கள். கல்கி முடிவுரை எழுதி வாசகர்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. முழுதும் படித்தவர் ஊமையாவதும் அரைகுறையாகப் படித்தவர் தீர்ப்பு எழுதுவதும் இந்த நூலுக்கு மட்டும் உரியதா என்ற கேள்வி இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

ஏன் இத்தனை பேர் பாதியில் நின்றார்கள்? சோம்பல் என்று சொல்வது அநியாயம். நாவல் நாட்டுடைமை ஆனபின் பதிப்பகத்துக்குப் பதிப்பகம் தனித்தனிப் பாகமாகவும் வாங்கலாம் என்றாகிவிட்டது. வாங்கிய பாகம் கையோடு இருப்பதில்லை. தோட்டத்து வீட்டிலிருந்து தாமானுக்குக் குடிபோனபோது ஒன்று போகும், மச்சான் இரவல் வாங்கி ஒன்று போகும். மூன்றாம் பாகத்தோடு நின்ற அக்கா ஒருவர், நான்காம் பாகம் நாத்தனார் வீட்டில் இருப்பதாகவும் தாம் அந்த வீட்டுக்குப் போவதில்லை என்றும் சாட்சியம் அளித்தார். ஆக, நந்தினி கொலைகாரி ஆனதற்கு ஒரு குடும்பச் சண்டையும் காரணம். இலக்கிய விமர்சகர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்து இந்த ஒழுங்கைக் கலைத்தன. படம் மட்டும் பார்த்தவர்கள் பாத்திரங்களின் பெயரை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. “ஐஸ்வர்யா ராய் பாவம் லா, விக்ரமுக்குத்தான் பிடிவாதம்.” “சரத்குமாருக்கு இதுல பங்கு இல்லையா?” “கார்த்தி அங்க என்னா வேலையா போனாரு?” இவற்றைப் பதிவு செய்யும்போது நீதிமன்றக் குறிப்பேடு சினிமா இதழின் கிசுகிசுப் பக்கம் போல ஆகிவிடுகிறது. எனவே இப்பிரிவைச் சுருக்கமாக விடுகிறேன்.

விரிவாகச் சொல்ல வேண்டியது கோத்தா திங்கிப் பள்ளி. இதன் ஒரே உறுப்பினர், அவ்வூரிலிருந்து ஆலை பஸ் ஓட்டும் அண்ணன் ஒருவர். அவர் எந்தப் பாகமும் படிக்கவில்லை. படமும் பார்க்கவில்லை. ஆனால் அவர் ஊரில் ஓர் அரசரின் கொலை இன்றும் உயிரோடு இருக்கிறது. 1699இல் சுல்தான் மஹ்மூத் ஷா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குத் தோளில் சுமக்கப்பட்டுப் போகும்போது குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் தளபதி மேகத் ஸ்ரீ ராமா. கர்ப்பிணியான அவர் மனைவி டாங் அனோம் அரசரின் பலாச்சுளை ஒன்றைத் தின்றுவிட்டாள் என்பதற்காக அவள் வயிற்றைக் கிழிக்க சுல்தான் உத்தரவிட்டதுதான் காரணம் என்று மரபுக்கதை சொல்கிறது. கொன்றவர் பிந்தான் தீவைச் சேர்ந்தவர் என்பதால், அத்தீவார் ஏழு தலைமுறைக்குக் கோத்தா திங்கியில் கால் வைத்தால் ரத்தம் கக்குவார்கள் என்பது சாகும்போது சுல்தான் இட்ட சாபமாம். சமாதி கம்போங் மாக்காமில் இருக்கிறது. இந்தக் கதை 1961இல் படமாகவும் வந்தது.

இந்த ஊரில் வளர்ந்தவருக்குக் கத்தி யார் கையில் இருந்தது என்பது ஒரு பொருட்டே இல்லை. அண்ணன் நேராகக் கேட்டார்: “செத்ததுக்கு அப்புறம் நாற்காலில யாரு உட்காந்தா, அத சொல்லுங்க சார். எங்க ஊர்ல பெண்டஹாரா உட்காந்தாரு.” உண்மை. சுல்தான் மஹ்மூதுக்கு வாரிசு இல்லாததால் பெண்டஹாரா அப்துல் ஜலீல் அரியணை ஏறினார். சரி, சோழநாட்டில் உத்தம சோழர் உட்கார்ந்தார் என்றேன். “அவருதான்” என்று சொல்லிவிட்டு ரொட்டி சானாயைப் பிய்த்தார். விசாரணை முடிந்தது.

சிரிக்க வேண்டாம். கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1935இல் வெளியிட்ட சோழர் வரலாற்றில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரம் கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய சொத்து விற்கப்பட்டதைக் குறிக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. நடுவில் பதினைந்து ஆண்டுபோல ஆண்ட உத்தம சோழர் இவர்களை என்ன செய்துகொண்டிருந்தார் என்பதே சாஸ்திரியாரின் சந்தேகம். பின்னாளில் குடவாயில் பாலசுப்ரமணியன் கல்வெட்டை மறுபடி வாசித்து உத்தம சோழரை விடுதலை செய்தார். அது போகட்டும். நம் கோட்பாட்டுக்கு முக்கியமானது வேறு: சாஸ்திரியார் எழுதியபோது நாவல் பிறக்கவே பதினைந்து ஆண்டு பாக்கி. அதாவது அவரும் ஒரு பாகமும் படிக்கவில்லை. ஒரு பாகமும் படிக்காதவர்களே உத்தம சோழரைப் பிடிக்கிறார்கள் என்ற விதி இதனால் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்படுகிறது.

கல்கி இந்தச் சந்தேகத்தை அறிந்தவர். அவர் செய்த கைவேலையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. உத்தம சோழராக முடிசூடப்போகிறவர் என்று நாம் நினைத்திருந்த, சந்தேகத்துக்குரிய மதுராந்தகனை நாவலின் முடிவில் அப்புறப்படுத்திவிட்டு, சிவன் கோயிலுக்குப் பூமாலை கட்டும் சேந்தன் அமுதனே உண்மையான உத்தம சோழன் என்று கொண்டுவந்து நிறுத்துகிறார். சாஸ்திரியார் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவரைக் கல்கி பூக்கூடையோடு இறக்கிவிட்டார். ஒரு சரித்திர நாயகனுக்கு இவ்வளவு மலிவாக ஜாமீன் வாங்கிக் கொடுத்த நாவலாசிரியர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

இதை அண்ணனிடம் சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு யோசித்தார்.

“பூ கட்டுற பையனா?”

“ஆமாண்ணே. சாது. அம்மாவுக்கு அடங்கின பிள்ளை.”

“யாருக்குமே அவன் மேல சந்தேகம் வரல?”

“வரலை.”

“அப்ப அவனேதான்!” என்று மேசையைத் தட்டினார். “என்னா சார் நீங்க, படிச்சவரு, இதுகூட தெரியாம அலையிறீங்க?”

எழுபது ஆண்டுகளாக இந்த நாவலைப் பற்றி எழுதப்பட்ட எதிலும் சேந்தன் அமுதன்மேல் குற்றம் சாட்டியவரை நான் பார்த்ததில்லை. துப்பறியும் கதைக்கே உரிய முறையில், யாரும் சந்தேகிக்காதவனைச் சந்தேகித்த முதல் வாசகர் இவராகத்தான் இருக்க வேண்டும். அவர் நாவலைப் படிக்கவில்லை என்பது ஒரு சிறு தடை. அதையும் நீக்க முன்வந்தார்.

“கொலை எத்தனாவது புக்குல வருது?”

“அஞ்சுல.”

“அப்ப அத மட்டும் குடுங்க.”

ஐந்தாம் பாகத்திலிருந்து தொடங்கும் வாசகர் எந்த முடிவுக்கு வருவார் என்பதைப் பற்றி நம் கோட்பாடு எதுவும் சொல்லவில்லை. எனவே பரிசோதனையாக என் பிரதியையே கொடுத்தேன். நேற்று இரவு காஸ்வே நெரிசலிலிருந்து அவருடைய முதல் வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கிறது: “சார், இதுல எல்லாரும் யாரு?”