ராஜபாளையம் குட்டி

கேள்வி: காவலுக்கு ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்கப் போகிறேன். முப்பது நாளிலேயே கொண்டுவந்தால்தான் நம்மிடம் ஒட்டும் என்கிறார்களே?

பதில்: ஒட்டும், கூடவே பல்லும் ஒட்டும்! எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும்தான். இரண்டடிக்கு மேல் உயரப்போகும் நாய்க்கு அந்தப் பாடம் கட்டாயம் வேண்டும். 8 வாரம் பொறுங்கள். அதற்குள் பாசம் போய்விடுமா? போகாது, மனிதரோடு இணங்கிப் பழகும் பருவம் ஏறக்குறைய 12 வாரம்வரை நீள்கிறது. தாயையும் பாருங்கள், காரணமின்றி மிரண்டு பாய்ந்தால் அந்த ஈற்றில் குட்டி எடுக்காதீர்கள். முக்கியமாக, இந்த வெள்ளை இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. காவல்காரனுக்குக் காதுதானே முதல் தகுதி? குட்டி பார்க்காதபோது பின்னாலிருந்து கைதட்டுங்கள். ஒரு காது மட்டும் கேட்டாலும் அது திரும்பும் என்பதால், விலை பேசுமுன் கால்நடை மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.