சங்கிலி பிடிக்கிற உத்தியோகம்

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் உங்கள் குரலைக் கேட்டேன். என் பையன் கார்த்தியின் ஸ்கூல் அமெரிக்க ஃபுட்பால் மைதானத்துப் போட்டோவில் நடுவே துண்டு துண்டாக வெள்ளை அடித்திருக்கிறதே, பெயிண்ட் தீர்ந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். ரிட்டையர்டு சர்வேயருக்கு ஒரு வரியில் பதில் சொன்னால் விடமாட்டீர்கள். அதனால்தான் கடிதம்.

அதற்கு ஹாஷ் மார்க் என்று பேர். மைதானத்தின் அகலம் 160 அடி. இரண்டு ஓரத்திலிருந்தும் 53 அடி 4 அங்குலம் தள்ளி ஒவ்வொரு வரிசை, கெஜத்துக்கு ஒரு துண்டு. பந்தோடு ஓடுகிறவனை ஓரத்தில் விழத்தட்டினால், அடுத்த தடவை ஆட்டம் அங்கே தொடங்காது. பக்கத்து ஹாஷ் மார்க்குக்குப் பந்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். இரண்டு வரிசைக்கும் நடுவே விழுந்தால் விழுந்த இடத்திலேயே. இது ஸ்கூல் கணக்கு. காலேஜில் இரண்டு வரிசைக்கும் இடையே 40 அடி, தொழில்முறை ஆட்டமான என்.எஃப்.எல்.லில் 18 அடி 6 அங்குலம். ஒரே ஆட்டத்துக்கு மூன்று எஃப்.எம்.பி. அளவுப் புத்தகம்! நம் தாலுகா ஆபீசில்கூட இந்த அநியாயம் கிடையாது.

இதெல்லாம் ஒரு குளிரால் வந்தது. 1932 டிசம்பரில் சிகாகோ பேர்ஸுக்கும் எங்கள் ஒஹாயோவின் போர்ட்ஸ்மவுத் ஸ்பார்டன்ஸுக்கும் கடைசி ஆட்டம். வெளியே நிற்க முடியாத பனி. கூரை போட்ட சிகாகோ ஸ்டேடியத்துக்குள் போய் ஆடினார்கள். அதற்குச் சற்று முன்னால்தான் அங்கே சர்க்கஸ் நடந்திருந்தது. அந்த மண்ணிலேயே ஆட்டம். நீளம் 80 கெஜம்தான், ஓரத்தை ஒட்டிச் சுவர். அதுவரை பந்து வெளியே போனால் கோட்டோரமாகவே வைத்து ஆடுவது வழக்கம். இங்கே அப்படி ஆடினால் மண்டை உடையும் என்று பத்து கெஜம் உள்ளே தள்ளி வைத்தார்கள். சௌகரியமாக இருக்கவே மறுவருஷம் சட்டமாக்கிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் 9–0 தோற்றதை இங்கே யாரும் பேசுவதில்லை.

இப்போது முக்கியமான சேதி. என்னைச் சங்கிலி பிடிக்கப் போட்டிருக்கிறார்கள். சிரிக்காதீர்கள். பிள்ளைகளின் அப்பாக்கள்தான் செய்யணும், சம்பளம் கிடையாது, ஆரஞ்சு நிற மேல்சட்டை உண்டு. நாலு தடவைக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டிய ஆட்டம் இது. அதை அளக்க இரண்டு கம்பு, நடுவே பத்து கெஜச் சங்கிலி. ஓரத்தில் நிற்கிற சங்கிலியை நடு மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் முன்னே பின்னே ஆகாதா என்பீர்கள். அதற்குத்தான் கிளிப். ஐந்து கெஜக் கோடு சங்கிலியைத் தொடுகிற இடத்தில் மாட்டிவிடுவோம். உள்ளே போய் அதே கோட்டில் கிளிப்பை வைத்து இழுத்துப் பிடித்தால் அங்குலம் பிசகாது. கிளிப் மாட்டுகிறவர் எங்களில் சீனியர். எனக்கு இன்னும் அந்தப் பதவி வரவில்லை.

ஆனால் பந்து எங்கே நின்றதாம்? தடித்தடியாகப் பத்துப் பேர் ஒருத்தன்மேல் ஒருத்தன் கிடப்பார்கள். ரெஃப்ரி அவர்களை விலக்கி, குத்துமதிப்பாக ஓரிடத்தில் காலை ஊன்றிப் பந்தை வைப்பார். அப்புறம் நாங்கள் ஓடிப்போய் அங்குலக் கணக்கில் அளப்போம்! கல்லை உத்தேசமாக நட்டுவிட்டு, சங்கிலியை மட்டும் நேராகப் பிடிக்கிற சர்வே. நீங்களாக இருந்தால் மெமோ கொடுத்திருப்பீர்கள். என்.எஃப்.எல்.லில் 2025 முதல் கேமரா வைத்து அளக்கிறார்கள். அங்கேயும் பந்தை வைப்பது மனுஷக் கைதான். டி.வி.யில் நீங்கள் பார்த்த மஞ்சள் கோடு மைதானத்தில் கிடையாது, 1998-லிருந்து கம்ப்யூட்டர் போடுகிற கோலம்.

குளிரில் விரல் மரத்துப்போவதைக்கூடப் பொறுக்கலாம். சங்கிலி பிடிக்கிறவன் எந்தக் கட்சிக்கும் கைதட்டக் கூடாதாம். போன வெள்ளிக்கிழமை கார்த்தி பந்தைக் கட்டிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடுகிறான். நான் கம்பைப் பிடித்துக்கொண்டு கல்மாதிரி நிற்கிறேன். காலரியில் நம் வீட்டு ஆள் ஒருத்தர்கூட இல்லை. சித்தி இருந்திருந்தால் சட்டமாவது மண்ணாவது என்று விசிலடித்திருப்பாள்.

பொங்கலுக்கு லீவு இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். சித்தியிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். வடக்குத் தோட்டத்து வேலிக்காரர் இந்த மழையில் நம் பக்கம் எத்தனை அடி நகர்ந்திருக்கிறார்?

அன்புடன்,
ரவி